கண்வலிக்கிழங்கும் கால் கட்டைவிரலும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வெறும் பி.காம். பள்ளிக்கூடத்தில்கூட பயாலஜி பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. கீழே வருவதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். (கேட்காமல் விட்டதால் வந்த கதைதான் இது.)

2023 மார்ச் 31. வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு அது என்ன நாள் என்று சொல்லவேண்டியதில்லை. இயர் எண்டிங் முடித்து ராத்திரி பன்னிரண்டரைக்கு வீடு வந்து விழுந்தேன். மூன்று மணிக்கு வலது கால் கட்டைவிரலில் யாரோ சம்மட்டியால் போட்டமாதிரி ஒரு வலி. போர்வை பட்டால் உயிர் போகிறது. ஃபேன் காற்று பட்டால்கூட வலிக்கிறது. நாக்பூரில் ஏப்ரல் வந்துவிட்டால் ஃபேன் இல்லாமல் படுக்கவும் முடியாது. தங்கமணி லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்க, எங்கியாவது இடிச்சுக்கிட்டீங்களா?" என்றாள். தக்காளிப் பழம் மாதிரி வீங்கியிருந்தது.

டாக்டர் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார், கௌட். யூரிக் ஆசிட் 9.2. ஏற்கெனவே சர்க்கரை உண்டு, நாலு வருஷமாக மெட்ஃபார்மின். இப்போது இதுவும். வலிக்கு ஒரு மாத்திரை, கூடவே கோல்ச்சிசின் 0.5 மி.கி. என்று ஒன்று. பொடி மாத்திரை. விலையும் அதிகமில்லை. இரண்டாம் நாளே செருப்புப் போட முடிந்தது.

வீட்டில் சும்மா காலை நீட்டிக்கொண்டு கிடந்த நேரத்தில் போனில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். எந்தச் செடியிலிருந்து எடுக்கிறார்கள் என்று இரண்டு பெயர் போட்டிருந்தது. ஒன்று ஐரோப்பாவில் முளைக்கும் கோல்ச்சிகம். பாரிஸில் பெல்லட்டியே, காவன்டூ என்ற இரண்டு பேர் 1820-ல் இந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது அந்த இனத்திலிருந்துதான். இன்னொன்று குளோரியோசா சூப்பர்பா. படத்தைத் திறந்தேன். சிவப்பும் மஞ்சளுமாக, நெருப்பு எரிகிறமாதிரி மேலே வளைந்த இதழ்கள்.

அந்தப் பூவை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. நீங்கள் செங்காந்தள் என்பீர்கள், தமிழ்நாட்டின் மாநில மலர் என்பீர்கள். மூலனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கண்வலிக்கிழங்கு.

அப்பா ரெண்டரை ஏக்கரில் அதைத்தான் போட்டிருந்தார். ஆடியில் கிழங்கு ஊன்றுவார். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு, தங்க விலை. கொடி ஏறுவதற்குக் கிளுவைக் குச்சியும் கம்பியும். பூ வந்துவிட்டால் எனக்கும் அக்காவுக்கும் காலையில் டியூட்டி உண்டு. பள்ளிக்கூடம் போகும் முன்னால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தொட்டு வைக்கவேண்டும். "பூச்சிய நம்புனா காய் புடிக்காது சாமி" என்பார் அப்பா. தை, மாசியில் காய் பறித்து, விதை எடுத்துக் காய வைப்பது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது. ஒருமுறை எங்கள் வெள்ளாடு கொடியைக் கடித்துச் செத்துப்போனதைப் பார்த்தபிறகு அதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

விதை வாங்க வண்டி வரும். எடை போடுவார்கள், போய்விடுவார்கள். அப்புறம் அது என்ன ஆகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. "மருந்துக் கம்பெனிக்குப் போவுது" என்பதோடு சரி.

1996-ல் நான் ப்ளஸ் டூ. அந்த வருஷம் வியாபாரி பாதி விலை சொன்னார். அப்பா கொடுக்கமாட்டேன் என்று மூட்டைகளைத் திண்ணையில் அடுக்கிவிட்டார். அடுத்த வருஷம் அதற்கும் கீழே. கிழங்குக்கு வாங்கிய கடன் வட்டி போட்டு ஏறி, ஒன்றரை ஏக்கர் கைமாறிப் போனது. என்னைக் கோயமுத்தூரில் தங்க வைத்து சி.ஏ. படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தார். பி.காமோடு நின்றது. வங்கித் தேர்வு எழுதி, வடக்கே போஸ்டிங் வாங்கி, ஊர்ப்பக்கம் வருஷத்துக்கு ஒருதடவை என்றாகிவிட்டது. அப்பாவோடு சண்டையெல்லாம் இல்லை. போனில் "சாப்டியா", "மழை உண்டா" என்பதோடு முடித்துக்கொள்வேன். அந்தப் பூவைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்காது. மாநில மலர் என்று கேலண்டரில் போட்டால் தேதியைக் கிழிக்கும்போது அதையும் சேர்த்துக் கிழித்துவிடலாமா என்று இருக்கும்.

இருபத்தேழு வருஷம் கழித்து அதே விதை அட்டையில் அடைத்து, என் கட்டைவிரலைத் தேடி நாக்பூர் வந்திருக்கிறது. என்னதான் செய்கிறது இது உள்ளே? அங்கே தொடங்கியது என் படிப்பு.

மகள் அப்போது பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அவளுடைய பயாலஜி புத்தகத்தில் தேடினேன். சைட்டோஸ்கெலிட்டன் என்று ஒரு சின்னப் பத்தி. புரத இழைகளாலான வலைப்பின்னல், செல்லுக்கு வடிவமும் தாங்குசக்தியும் அசைவும் தருகிறது, அவ்வளவுதான். பெயரிலேயே எலும்புக்கூடு என்று வைத்துவிட்டார்கள். நானும் பந்தல் போட்டமாதிரி நாலு கம்பும் கயிறும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெயர் ஆளை ஏமாற்றுகிறது, மக்களே. நம் எலும்பு அப்படியே நிற்கும். இது நிற்காது. இதில் ஒரு வகை நுண்குழல், இங்கிலீஷில் மைக்ரோடியூபுல். 25 நானோமீட்டர் பருமன். ட்யூபுலின் என்ற புரதத் துண்டுகள் செங்கல் செங்கலாகச் சேர்ந்து குழாயாக வளரும், திடீரென்று சரசரவென்று உதிரும், உதிர்ந்த செங்கலே வேறு இடத்தில் மறுபடி ஏறும். மிட்சிசனும் கிர்ஷ்னரும் 1984-ல் இதைக் காட்டினார்கள். பல செல்களில் ஒரு குழாயின் ஆயுசே சில நிமிஷம்தான்.

கோல்ச்சிசின் செய்வது இதுதான்: உதிரியாகக் கிடக்கிற செங்கலோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் செங்கல் போய்க் குழாயின் முனையில் உட்கார்ந்தால் அதற்குமேல் வளராது. இதில் ஒரு சுவாரசியம், ட்யூபுலின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்ததே இந்த விஷத்தை வைத்துத்தான். 1967-ல் சிகாகோவில் போரிஸியும் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கோல்ச்சிசினைச் செல்லுக்குள் அனுப்பி, அது எதைப் பிடிக்கிறது என்று துரத்திப் போய்ப் பிடித்தார்கள். எங்கள் கிளையில் நம்பர் குறித்த நோட்டை வைத்துத் திருடனைப் பிடித்த கதை ஒன்று உண்டு, அதேதான். (அந்தக் கதை இன்னொரு நாள்.)

சரி, குழாய் இல்லாவிட்டால் என்ன? அங்கேதான் எனக்குத் தெரிந்த தொழில் உள்ளே வருகிறது. நான் கரன்சி செஸ்ட்டில் இருக்கிறேன். செல்லில் புரதம் தயாரானதும் தனித்தனிப் பைகளில் கட்டுவார்கள். சவ்வால் ஆன குட்டிப் பை. பையை விளிம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் சரக்கு வெளியே போகும். அதற்கு ரோடு வேண்டும். அந்த ரோடுதான் இந்த நுண்குழல். கைனசின் என்று ஒரு மோட்டார் புரதம், 1985-ல் கண்டுபிடித்தது, பையைச் சுமந்துகொண்டு ஒரு எட்டுக்கு 8 நானோமீட்டர் என்று இதன்மேல் நடக்கும். அதன் நடையை அனிமேஷன் படத்தில் பார்த்தேன். ஊர்ச்சந்தையில் மூட்டை தூக்குகிறவர் நடை. எதிர்த்திசையில் நடக்க டைனீன் என்று வேறு ஆள். ரோடு கடைசிவரை போகாது. விளிம்பை ஒட்டி ஆக்டின் என்ற மெல்லிய இழைகள் வலை பின்னிக்கொண்டு நிற்கும், எங்கள் கேஷ் கவுன்ட்டர் கிரில் மாதிரி. அது விலகினால்தான் பை சவ்வைத் தொடும்.

சர்க்கரைக்காரன் என்பதால் எனக்கு உடனே கணையம் ஞாபகம் வந்தது. பீட்டா செல் ஒன்றில் சுமார் 10,000 இன்சுலின் பைகள் இருக்கும். செயின்ட் லூயிஸில் பால் லேசி என்ற விஞ்ஞானி 1968-லேயே எலியின் கணையத் திட்டுகளில் கோல்ச்சிசின் போட்டுப் பார்த்தார். குளுக்கோஸ் கொடுத்தும் இன்சுலின் சரியாக வரவில்லை. பைகளை நுண்குழல்கள்தான் நடத்திக் கொண்டுபோகின்றன என்று சொன்னார். படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. டாக்டரிடம் ஓடினேன். "நீங்க சாப்பிடற அளவுல அப்படி ஆகாது, கூகுளை மூடுங்க" என்றார்.

மூடவில்லை :-) மூடியிருந்தால் 2015-ல் வந்த ஆராய்ச்சி கண்ணில் பட்டிருக்காது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலியின் பீட்டா செல்லில் நுண்குழல்களைக் கரைத்துப் பார்த்தால், குளுக்கோஸ் கொடுத்ததும் இன்சுலின் குறையவில்லை, கூடுகிறது! லேசி சொன்னதற்கு நேர் எதிர். அந்தச் செல்லில் நுண்குழல்கள் நெடுஞ்சாலை மாதிரி நேராக இல்லை, முட்புதர் மாதிரி அடர்ந்து கிடக்கின்றன. விளிம்புக்கு வந்த பைகளைக்கூடப் பிடித்துப் பின்னால் இழுக்கின்றன. புதுப் பை தயாராகி வர அந்த ரோடு வேண்டும், தயாராக இருப்பதை அளவுக்குமேல் வெளியே விடாமல் தடுப்பதும் அதே ரோடுதான். விஞ்ஞானிகளுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்கலாம். கரன்சி செஸ்ட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இருக்காது. எங்கள் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரி. பணத்தை வெளியே அனுப்புவதும் நாங்கள்தான், வெளியே விடாமல் கழுத்தை அறுப்பதும் நாங்கள்தான்.

மகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏ.டி.எம்.முக்குப் பணம் எடுத்துப்போகும் கேசட் பெட்டியை வைத்து விளக்கினேன். நிரப்பிய பெட்டி போகும், பணம் வெளியே வரும். கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "காலிப் பெட்டி என்னப்பா ஆகும்?"

நல்ல கேள்வி. (அம்மா வழி மூளை என்று தங்கமணி இதைப் படித்தால் சொல்வாள்.) செல்லில் பெட்டி தனியாக நிற்காது. பை போய் வெளிச்சவ்வோடு ஒட்டி, வாய் திறந்து, சரக்கைக் கொட்டிவிட்டு, பையே சுவரில் ஒரு பகுதியாகிவிடும். ஒவ்வொரு பைக்கும் சுவர் கொஞ்சம் பெரிதாகும். இப்படியே போனால் கிளை ஊதிப்போகும், உள்ளே பை செய்யச் சவ்வு மிஞ்சாது. அதனால் அதே வேகத்தில் வேறு இடத்தில் சவ்வு உள்ளே குழிந்து, கிள்ளி எடுக்கப்பட்டு, உள்ளே திரும்ப வரும். கிள்ளுகிற வேலைக்கு டைனமின் என்று ஒரு புரதம், குழிந்த கழுத்தில் கயிறுமாதிரி சுற்றி இறுக்கும். ஆக்டின் பக்கத்தில் நின்று தள்ளிக் கொடுக்கும். உள்ளே வந்த பையை டைனீன் நுண்குழல் வழியே இழுத்துப் போகும். எதை மேலே திருப்பி அனுப்புவது, எதை அழிப்பது என்று அங்கே பிரிப்பார்கள். நல்ல நோட்டு, கிழிந்த நோட்டு பிரிக்கிற வேலை.

எவ்வளவு வேகம் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டெயின்மன், பிராடி, கோன் என்ற மூவர் 1976-ல் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுவில் அளந்தார்கள். தன் வெளிச்சவ்வின் மொத்தப் பரப்பளவையும் அது 33 நிமிஷத்தில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டின் சுவரையெல்லாம் கழற்றி, உள்ளே கொண்டுபோய், மறுபடி மாட்டுகிறமாதிரி. அந்த ஸ்டெயின்மனுக்குப் பின்னால் 2011-ல் வேறு கண்டுபிடிப்புக்காக நோபல் கிடைத்தது. நாக்பூரில் நான் ஒரு வாட்டர் ஹீட்டர் மாட்ட பிளம்பருக்குப் பதினேழு நாள் காத்திருந்தேன்.

கௌட்டில் மாத்திரை ஏன் வேலை செய்கிறது என்பதும் இப்போது புரிந்தது. மூட்டில் யூரிக் ஆசிட் ஊசி ஊசியாகப் படிகிறது. வெள்ளை அணுக்கள் ஓடிவந்து அதை விழுங்கப் பார்த்து, மிரண்டு, அழற்சிப் பொருள்களைக் கக்கி, இன்னும் ஆளைக் கூப்பிடுகின்றன. கொஞ்சம் கோல்ச்சிசின், அவற்றின் குழாய்கள் கொஞ்சம் தடுமாறும், கூட்டம் கலையும். கொஞ்சம் என்பதுதான் முக்கியம்.

டிசம்பரில் எனக்கு மறுபடி கால் பிடித்தது. பழைய அட்டை மிச்சமிருந்தது, போட்டுக்கொண்டேன். அதே வாரம் இருமல், சளி, காய்ச்சல். வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. வேறொரு கிளினிக்குக்குப் போனேன். க்ளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எட்டு மாசமாக இந்த மாத்திரையைப் பற்றியே படித்துக்கொண்டிருந்த நானும் சொல்லவில்லை. மருந்துக்கடையிலும் கேட்கவில்லை. எங்கள் செஸ்ட்டில் இரண்டு சாவி இல்லாமல் ஒரு கட்டு பத்து ரூபாய் நோட்டு நகராது.

கோல்ச்சிசினை உடைப்பது கல்லீரலில் ஒரு என்சைம். செல்லுக்குள் வந்ததை வெளியே தள்ளுவது சவ்வில் இருக்கிற ஒரு பம்ப். க்ளாரித்ரோமைசின் இரண்டையும் அமுக்கிவிடும். உடம்பில் மருந்து ஏறிக்கொண்டே போகும், இறங்காது. இதனால் செத்தவர்களும் உண்டு என்பது அப்புறம் தெரிந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது. வாந்தி, பேதி. பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் இடையில் எத்தனை தடவை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். விடிகாலையில் எழுந்து நிற்கத் தொடையில் பலம் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லவேளை, அங்கே டியூட்டியில் இருந்த சின்னப்பெண் டாக்டர் வீட்டு மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி வரிசையாக அடுக்கிப் பார்த்தார். இரண்டு அட்டையைத் தனியாக எடுத்து வைத்தார். ஒன்றும் பேசவில்லை. வெள்ளை அணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் சலைன்.

குடலின் உட்சுவர் செல்கள் சில நாளுக்கொருமுறை மாறிக்கொண்டே இருப்பவை. செல் இரண்டாகப் பிரியவும் நுண்குழல் வேண்டும். அதனால் முதல் அடி குடலுக்கு, அப்புறம் ரத்த அணுக்களுக்கு. 1989-ல் எலிகளுக்குக் கோல்ச்சிசின் கொடுத்துக் குடலைப் பார்த்திருக்கிறார்கள். உணவைப் பார்த்த மேல்முகத்துக்குப் போகவேண்டிய புரதங்கள் வழிதவறிப் பக்கச் சுவரிலும் அடிச்சுவரிலும் போய் உட்கார்ந்திருந்தன. பார்சல் இருக்கிறது, ஆள் இருக்கிறான், தெரு இல்லை. கட்டிலில் கிடந்தபடி இதை நினைத்தேன். நினைத்தது தப்பு. இன்னொரு தடவை வாந்தி.

தங்கமணி ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். நான்காம் நாள் கண்ணைத் திறந்தால் அப்பா நிற்கிறார். எழுபத்தாறு வயசு. சென்னை வந்து, ஜி.டி. எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் ஏறி வந்திருக்கிறார். வெள்ளை வேட்டியில் டீக்கறை. கையில் மஞ்சப்பை. நாக்பூருக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு சாயங்காலம் மகள்தான் ஆரம்பித்தாள். "அப்பாரு, இந்த மாத்திரை நீங்க வளத்த செடியிலருந்து வர்றது."

அப்பா அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இதா? நம்ம காட்டு வெதையா சாமி?"

"அதேதானுங்கப்பா."

"இத்தனூண்டா?"

மகள் போனில் செல்லுக்குள் குழாய்கள் வளர்வதையும் உதிர்வதையும் காட்டினாள். பாதித் தமிழ், பாதி இந்தி. அப்பா என்னைப் பார்த்து மொழிபெயர்ப்புக் கேட்டார். சொன்னேன். பை போவது, கொட்டுவது, சவ்வு திரும்பி வருவது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷத்தில் நானும் அவரும் சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"அந்த வருசம் மூட்டையத் திண்ணையில வச்சிருக்கக் கூடாது" என்றார் திடீரென்று. "குடுத்திருக்கோணும். நீ படிச்சிருப்ப."

நான் என்ன சொல்ல? "விலை அதுக்கப்புறமும் ஏறலையேப்பா" என்றேன். எனக்கே அது பதிலாகப் படவில்லை. தங்கமணி காப்பி கொண்டுவந்தாள்.

இப்போது எனக்குத் தினம் யூரிக் ஆசிட் குறைக்கிற மாத்திரை. கோல்ச்சிசின் டாக்டர் கையால் எழுதினால் மட்டும். பர்சில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், என்னென்ன மருந்து என்று இங்கிலீஷிலும் இந்தியிலும். எந்தக் கிளினிக் போனாலும் முதலில் அதை நீட்டிவிடுகிறேன்.

பத்து நாள் இருந்துவிட்டு அப்பா கிளம்பினார். இந்தத் தடவை பெர்த் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டேஷனில் சட்டைப் பையில் எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிக்கெட்டா என்று கேட்டேன். இல்லை, மாத்திரை அட்டை. ஊரில் இன்னும் கண்வலிக்கிழங்கு போடுகிறவர்களிடம் காட்டவேண்டுமாம்.

"மாமா, மாத்திரை இருந்தா குடுத்துருங்க, கொழந்தைங்க கையில கெடைச்சா ஆபத்து" என்று பதறினாள் தங்கமணி.

"காலிதானுங் கண்ணு" என்று எடுத்துக் காட்டினார். பத்து குழியும் காலி. மறுபடி பத்திரமாக உள்ளே வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டார்.